கித்தாத் தோட்டமும் வெள்ளைக்காரர் ஆட்சியும்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவை என்ன செய்தது, இங்கிலாந்தை என்ன செய்தது என்ற கேள்விக்குத் தோட்டத்திலிருந்து ஏன் பதில் தொடங்க வேண்டும்?

இரண்டு நாட்டு மாற்றங்களும் ஒரே பெரட்டுக் களத்தில் (காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடம்) எதிரெதிரே நின்றது மலாயாவின் கித்தா (ரப்பர்) தோட்டத்தில்தான். லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வந்து நின்றவர் திருச்சி, சேலம், தஞ்சை, ஆற்காடு கிராமங்களில் பிழைக்க வழியற்றுப் போனவர். மேட்டு பங்களாவிலிருந்து இறங்கி வந்த துரை (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகி), சொந்த நாட்டில் கிடைக்காத அதிகாரமும் வேலைக்காரர்களும் இங்கே கிடைக்கும் என்று கப்பலேறியவர். இருவருக்கும் நடுவில் பேரேட்டோடு நின்ற கிராணி (தோட்டக் கணக்கர்) பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார் அல்லது மலையாளி. இந்த மூவரையும் வரவழைத்தது ஒரே கணக்குப் புத்தகம். அது லண்டனில் இருந்தது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் வளர்ந்தவர்கள் இந்த வரலாற்றை வெளியே தேடிப் போக வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் அப்போது என்னதான் நடந்தது? வறுமையால் வந்தார்கள் என்று மட்டும் சொல்கிறார்களே?

"வறுமை" என்று சொல்லி முடித்துவிட்டால், அந்த வறுமை எப்படி உண்டாயிற்று என்பது மறைந்துபோகும். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தது. 1792-இல் பாராமகாலில் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் தொடங்கிய முறை இது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே நேரடியாக வரி கட்ட வேண்டும், அதுவும் பணமாக. மழை பொய்த்தாலும் தவணை நிற்காது. வரிக்குப் பணம் வேண்டுமென்றால் அறுவடை முடிந்த கையோடு, விலை மலிந்திருக்கும் நேரத்திலேயே நெல்லை விற்க வேண்டும், அல்லது வட்டிக்கு வாங்க வேண்டும். சிறு விவசாயி நிலத்தை இழந்தது இப்படித்தான்.

நிலமே இல்லாதவர் நிலை இன்னும் மோசம். பண்ணையாள் முறையில் கட்டுண்டிருந்தவர்களை 1843-ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் காகிதத்தில் விடுவித்தது. கடன் மட்டும் அப்படியே இருந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணி சந்தையை நிறைத்தபோது நூற்றுப் பிழைத்த பெண்களின் வருமானம் முதலில் போயிற்று, தறிக்காரர் வருமானம் பின்னால் போயிற்று.

அதன்மேல் 1876-78 தாதுப் பஞ்சம். இந்தியா முழுவதும் அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழை பொய்த்தது உண்மை. ஆனால் பஞ்ச காலத்திலும் தானிய ஏற்றுமதி நிறுத்தப்படவில்லை. ரயில் தானியத்தைக் கொண்டுவந்ததைப் போலவே கொண்டும் போயிற்று. நிவாரண வேலை பார்த்த ஆணுக்குப் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க அனுப்பப்பட்ட அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நாள் படி 1 பவுண்டு தானியமும் (சுமார் 450 கிராம்) 1 அணாவும். மண் வெட்டும் உடம்புக்கு அது போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் கணக்கோடு வாதாடினார். அந்தப் படியைக் குறைத்தது இயற்கையல்ல, ஓர் அதிகாரியின் கையெழுத்து.

அதே 1877-இல்தான் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்திறங்கின. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. சென்னை மாகாணத்தில் மக்கள் பசியால் செத்துக்கொண்டிருந்த ஆண்டில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வெட்டப்போகும் மரத்தின் கன்று நம் பக்கத்து ஊரில் வேர்பிடித்துக்கொண்டிருந்தது.

கித்தாவுக்கு இத்தனை ஆள் எதற்குத் தேவைப்பட்டது?

வெட்டும் முறைதான் காரணம். அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் சீக்கிரம் கெட்டுவிடும். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி 1890-களில் வேறு வழி கண்டார். பட்டையைச் சரிவாக மெல்லியதாகச் சீவி, அடுத்த முறை அதே காயத்தின் கீழ் விளிம்பை மட்டும் சீவுவது. சீவிய பட்டை மீண்டும் வளரும். ஒரு மரம் 25, 30 ஆண்டுகள் பால் தரும்.

ஆனால் இந்த முறைக்குக் கை நிதானம் வேண்டும். உளி ஆழமாகப் போனால் மரக்கட்டையைத் தொட்டுவிடும். அந்த இடத்தில் பட்டை முண்டுமுண்டாக வளர்ந்து, பிறகு வெட்டவே முடியாது. மேலோட்டமாகப் போனால் பால்குழாய் அறுபடாது, பால் குறையும். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால் இருட்டு விலகுமுன் தொடங்க வேண்டும். நாளொன்றுக்கு ஒருவர் 300 முதல் 500 மரம். வெட்டு முடிந்ததும் காண்டா வாளியை (தோள்கட்டையில் தொங்கும் வாளி) தூக்கி அதே நிறைகளில் (மர வரிசைகளில்) மறுபடி நடந்து, மங்கு (பால் வடியும் கிண்ணம்) மங்காகப் பால் எடுக்க வேண்டும். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். அதனால் காலை மழை என்றால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் பேர் (அன்றைய நாள் கணக்கு) இல்லை.

இந்த வேலைக்குச் சம்பளம் குறைவாகவும், பக்கத்திலேயே குடியிருப்பவர்களாகவும், பல்லாண்டு இருப்பவர்களாகவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களில் தமிழரை வைத்து வேலை வாங்கிப் பழகிய துரைமார் அதே வழியை இங்கும் பிடித்தார்கள்.

சஞ்சிக் கூலிக்கும் கங்காணி முறைக்கும் என்ன வேறுபாடு?

சஞ்சி என்றால் ஒப்பந்தம். 'ஜன்ஜி' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. முன்பணமும் கப்பல் செலவும் ஆளின் தலையில் கடனாக எழுதப்படும். ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், சிறை உண்டு. பினாங்குக்கு எதிரே உள்ள செபெராங் பிறை கரும்புத் தோட்டங்களில் இப்படித்தான் தொடங்கியது. 1910-இல் மலாயாவில் இதை ஒழித்தார்கள்.

கங்காணி முறையில் சட்டப்படி ஆள் சுதந்திரமானவர், ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம். நடைமுறை வேறு. தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரையே நிர்வாகம் உரிமத்தோடு அவர் சொந்த ஊருக்கு அனுப்பும். அவர் உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள முகாமில் சில நாள், பிறகு கப்பல் தளம், பிறகு பினாங்கு புலாவ் ஜெரெஜாக் அல்லது போர்ட் சுவெட்டன்ஹாம் தனிமைப்படுத்தும் முகாம், அப்புறம் தோட்டம். 1907-இல் அமைத்த குடியேற்ற நிதிக்குத் தோட்டங்கள் ஆள்கணக்குப்படி பணம் கட்டின. பயணச் செலவை அந்த நிதி ஏற்றது.

கங்காணிக்கு ஆள் சேர்த்ததற்கு ஒரு தொகை. அதற்கு மேல், அவர் ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளும் தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு. இந்தத் தலைக்காசுதான் முக்கியம். ஆள் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கு நட்டம். அதனால் விடியற்காலை லயத்துக் கதவைத் தட்டி எழுப்பியவர் துரையல்ல, உறவுமுறை சொல்லி அழைத்துவந்த நம்மவர். சாமான் கடைப் பற்றும் பல இடங்களில் அவர் கையில்தான். ஆளைக் கட்டிவைக்கச் சிறை தேவைப்படவில்லை, கடனும் சொந்தமும் போதுமாக இருந்தன. காலனி ஆட்சி சுரண்டல் செய்தது என்று சொல்லும்போது, அந்தச் சுரண்டலுக்கு நம் உறவுமுறையே கருவியாக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப் பயணத்தில் அனுப்புவதைத் தடை செய்தது. அதோடு இந்த முறை முடிந்தது.

அன்றைய கூலிக்கு என்ன மதிப்பு? "அப்போது காசுக்கு மதிப்பு இருந்தது" என்பது சரியா?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 1906-இல் இங்குள்ள வெள்ளியின் (டாலரின்) மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைப்படுத்தினார்கள். 1 ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் வீதம் 28 பென்ஸ். 1920-களின் கடைசியில் எளிதில் சென்றுவரக்கூடிய பகுதிகளுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஆணின் 50 காசு என்பது 14 பென்ஸ்.

1910-இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பரின் உச்ச விலை 12 ஷில்லிங்குக்கு மேல், அதாவது 144 பென்ஸுக்கு மேல். பின்னாளில் வந்த உயர்ந்த கூலியை வைத்துக் கணக்கிட்டாலும், அரைக் கிலோவுக்கும் குறைவான ரப்பரின் விலை பத்து நாள் கூலியைத் தாண்டுகிறது. 1910-இல் கொடுத்த கூலி இதைவிடக் குறைவு.

1932-இல் விலை பவுண்டுக்கு 2 பென்ஸுக்கும் கீழே விழுந்தது. விலை இறங்கத் தொடங்கியதுமே 1930-இல் கூலி வெட்டப்பட்டது. ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32. வேலையற்றவர்கள் லட்சக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியபோது அந்த ஏற்றத்தில் பங்கு வரவில்லை. விலை இறங்கியபோது முழு இறக்கமும் லயத்துக்கு வந்தது. "மதிப்பு இருந்தது" என்று சொல்பவர்கள் இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரட்டுக்குப் பிந்தி வந்தாலோ, வேலை முடியவில்லை என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) சொன்னாலோ அரைப்பேர்தான் (அரைநாள் கூலி) என்பதும் இந்தக் கணக்குக்குள் வராது.

இங்கிலாந்துச் சமூகம் இதனால் எப்படி மாறியது? ஆண்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா?

நிறைய ஆனது. அவர்களே பாதியை மறந்துவிட்டார்கள்.

சாப்பாட்டில் தொடங்கலாம். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது 1810-இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்தார். சென்னை துரைமாரின் மேசையிலிருந்து நம் மிளகுத்தண்ணி 'மல்லிகடானி' சூப்பாகப் போனது. கட்டுமரமும் சுருட்டும் 'கேட்டமரான்', 'செரூட்' என்று ஆங்கில அகராதியில் ஏறின. 'பறையர்' என்ற பெயரும் ஏறியது, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில். ஒரு சமூகத்தின் பெயரை இழிசொல்லாக்கி உலகமெங்கும் பரப்பிய குற்றம் இது. இன்றும் ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தச் சொல்லை யோசிக்காமல் எழுதுகின்றன.

பண விஷயம் இன்னும் ஆழமானது. கம்பெனி அதிகாரிகள் கொள்ளைப் பணத்தோடு திரும்பி நாடாளுமன்றத்தில் இடம் வாங்கினார்கள். அதனால் எழுந்த அச்சமும் சேர்ந்துதான் வங்காளத்தின் முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ்மீதான விசாரணை 1788 முதல் 1795 வரை நடந்தது. பின்னாளில் லண்டன் இந்திய அலுவலகச் செலவும் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பென்ஷனும் இந்திய வரிப்பணத்திலிருந்து போயின. தாதாபாய் நௌரோஜி இதை "செல்வ வடிகால்" என்று கணக்கிட்டுக் காட்டினார். அவரே 1892-இல் லண்டன் பின்ஸ்பரி தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆளப்பட்டவர் ஆண்டவர் சபையில் அமர்ந்து கணக்குக் கேட்டது சிறிய விஷயமல்ல.

மலாயாவின் பங்கும் தனியாகத் தெரியும். பேராக் உள்ளிட்ட இணைந்த மலாய் மாநிலங்களின் வருமானத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு 'மலாயா' என்ற போர்க்கப்பலே கட்டிக் கொடுக்கப்பட்டது. 1915-இல் நீரிலிறங்கி, 1916 ஜட்லாண்ட் சண்டையில் ஈடுபட்டது. ஈயமும் கித்தாவும் ஈட்டிய பணம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடனில் மூழ்கியிருந்த பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரைக் கொண்டுவந்ததிலும் மலாயா ரப்பருக்குத்தான் பெரும்பங்கு. பிரிட்டன் தன் மக்களுக்கு இலவச மருத்துவம் கட்டியெழுப்பிய ஆண்டுகளும் அவைதான். அந்த ஆண்டுகளில் தோட்டத்து மருந்துக் கொட்டகையில் என்ன இருந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

தீமையும் அவர்களுக்கு உண்டு. காலனிச் சந்தையை நம்பியே வளர்ந்த லங்காஷயர், இந்தியா துணி வாங்குவதைக் குறைத்தபோது நொடித்தது. 1931-இல் காந்தி அங்கே டார்வனுக்குப் போய் வேலையிழந்த ஆலைத் தொழிலாளரைச் சந்தித்தார். அங்கும் கூலிக்காரரே விலை கொடுத்தார்.

ரயில், சட்டம், ஆங்கிலப் படிப்பு எல்லாம் அவர்கள் தந்ததுதானே?

ஆம், அவர்கள் காலத்தில் வந்தவை. 1856-இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் ரயில் ஓடியது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம். பயனில்லை என்று சொல்வது பொய். யாருக்காக, யார் பணத்தில் என்று கேட்பதே சரி. ரயில் கம்பெனிகளுக்கு 5 விழுக்காடு வருமானம் இந்திய வருவாயிலிருந்து உறுதியளிக்கப்பட்டது. நட்டம் வந்தாலும் லண்டன் பங்குதாரருக்கு வட்டி போகும்.

படிப்புக்குத் தோட்டமே சாட்சி. 1912 தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும். சட்டம் நல்ல சட்டம். நடந்தது என்ன? பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், சில இடங்களில் கங்காணியோ கிராணியோ அந்த ஆசிரியர். ஆரம்ப வகுப்புகளுக்கு மேல் வழியில்லை. பால்வெட்டுக்காரர் பிள்ளை பால்வெட்டுக்காரராவதற்கு அது போதும் என்று நினைத்தார்கள். அந்தக் கொட்டகைகளைத் தமிழ்ப்பள்ளிகளாக நிலைநிறுத்தியது ஆட்சியல்ல, பெற்றோரும் ஆசிரியர்களும்.

தோட்டத்தில் சாதி மறைந்ததா?

குறைந்தது, மறையவில்லை. ஒரே பெரட்டு, ஒரே உளி, ஒரே கூலி என்பதால் ஊரில் இருந்த தொழில் பிரிவினை தளர்ந்தது. ஆனால் பல தோட்டங்களில் லயமே சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டது. இந்தியாவில் 1871-72 முதல் மக்கள்தொகைக் கணக்கில் சாதியை எழுதிப் பதிந்த அதே நிர்வாகப் பழக்கம்தான் இங்கும்.

1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் சைக்கிள் விவகாரம் என்று சொல்கிறார்களே, அது என்ன?

துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும். அந்த வழக்கத்தை நிறுத்து என்பது கோரிக்கைகளில் ஒன்று. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பள்ளி வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் அத்துமீறலுக்கு முடிவு என்பவையும் இருந்தன. தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி நாடுகடத்தப்பட்டார். படை வந்து சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினர், மேலானவர்கள் என்று நின்ற துரைமார் ஓடினர். பிறகு ஜப்பானியர் கட்டிய சயாம் மரண ரயில்பாதை பல்லாயிரம் தோட்டத் தமிழரைத் தின்றது.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் என்ன நடந்தது?

காலையில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் 1948-இல் அடையாள அட்டை வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். முந்தின நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலிக்காகப் போராடிய ஒரு தலைமுறைத் தலைமை அப்படி அறுந்தது.

சுதந்திரத்துக்குப் பின் தோட்டங்கள் யார் கைக்குப் போயின?

1950-களில் பல தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன, லயத்துக் குடும்பங்கள் வெளியேறின. அதைத் தடுக்கவே நம் ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 1981 செப்டம்பர் 7-இல் லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்ட நிறுவனம் மலேசியக் கைக்கு வந்தது. உரிமையாளர் மாறினார், லயம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை.

எங்கள் பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் குலதெய்வத்தின் பெயரும் அது இருக்கும் ஊரும் கேளுங்கள். ஊர்ப்பெயர் மறந்தாலும் தெய்வத்தின் பெயர் மறக்காது. "பக்கத்தில் என்ன ஆறு, எந்தச் சந்தை, எந்த ரயில் நிலையம்" என்றும் கேட்டு எழுதுங்கள்.

அடுத்து வீட்டுப் பெட்டி. பழைய கடப்பிதழ், ரஜூலா கப்பல் சீட்டு, சிவப்பு அடையாள அட்டை, இந்தியாவிலிருந்து வந்த கடிதங்களின் உறை. உறையில் உள்ள அஞ்சலக முத்திரைதான் பல நேரம் ஊரைக் காட்டிக்கொடுக்கும். கடிதத்தை வைத்துக்கொண்டு உறையை எறிந்துவிடாதீர்கள். பிறகு தேசியப் பதிவுத் துறையில் பிறப்பு, இறப்புப் பத்திர நகல், தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம், கடைசியாகச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம்.

தேடல் தடுமாறும் இடங்கள் வழக்கமானவை. கிராணி காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். முனியாண்டி ஓரிடத்தில் முனியாண்டி, இன்னோரிடத்தில் முனுசாமி. தகப்பன் பெயரும் மகன் பெயரும் இடம் மாறியிருக்கும். வயது கண்மதிப்பு, 5 வருடம் முன்பின் வைத்துத் தேடுங்கள். பிறந்த இடம் "மெட்ராஸ்" என்றிருந்தால் அது நகரம் அல்ல, மாகாணம். 1942-45 பதிவுகளில் இடைவெளி இருக்கும். தோட்டத்துக்குத் துரை வைத்த பெயர் ஒன்று, நம்மவர் அழைத்த பெயர் வேறு. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாவட்டப் பெயரை அப்படியே நம்பக்கூடாது. அன்றைய சேலத்திலிருந்து 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்தன. திருச்சியிலிருந்து 1995-இல் கரூரும் பெரம்பலூரும். வட ஆற்காட்டிலிருந்து 1989-இல் திருவண்ணாமலை. தென்னாற்காட்டிலிருந்து 1993-இல் விழுப்புரம். ஆகவே பத்திரத்தில் "திருச்சினாப்பள்ளி" என்று மட்டும் இருந்தால் முசிறி, துறையூர், பெரம்பலூர், கரூர் வரை வலையை விரித்து, குலதெய்வத்தின் பெயரோடு ஒவ்வொரு வட்டமாக விசாரியுங்கள்.